கொழும்பில் பழைய இராணுவ அதிகாரிகளின் உடுப்புச் சேகரிப்பு: எங்கே தொடங்குவது, எதை விடுவது

பழைய இராணுவ உடுப்புச் சேகரிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "சிவப்புக் கோட்டு எங்கே கிடைக்கும்?" என்றுதான். பொன்னிழை வேலைப்பாடும் நிமிர்ந்த காலருமாக விக்டோரியா காலத்து அதிகாரி ஒருவரின் படத்தைப் பார்த்தே பலருக்கு இந்த ஆசை பிடிக்கிறது. இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள். இங்கே அது அரிதாகத்தான் கண்ணில் படும். லண்டன் ஏலத்தில் எடுப்பதென்றால் விலை கட்டுப்படியாகாது. எடுத்து வந்தாலும் நம் ஊர்க் காற்றில் கம்பளித் துணியைக் காப்பாற்றுவது பெரும்பாடு. கொழும்பில் தொடங்குபவருக்கு ஏற்றவை டிரில் என்ற உறுதியான பருத்தித் துணியில் தைத்த காக்கி உடுப்பும் வெள்ளை உடுப்பும்தான். இந்த வெயிலுக்காகத் தைத்து, இந்த ஊரில் உடுத்தி, இந்த ஊர் அலுமாரிகளில் மடித்து வைத்த உடுப்புகள் அவை.

அதிகாரிகளின் உடுப்பு ஏன் தனி வகை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் முறையில் சிப்பாய்க்கு உடுப்பை அரசாங்கம் கொடுத்தது. அதிகாரி தன் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டார். அதனால் துணி, வெட்டு, அளவு எல்லாம் ஒரே ஆளுக்கு உரியவை. பல கோட்டுகளின் உள் பைக்குள் தையல் நிலையத்தின் லேபல் இருக்கும். அதில் உடையவரின் பெயரும், பல நேரங்களில் தைத்த தேதியும் மையால் எழுதியிருக்கும். நீங்கள் தேட வேண்டியது அந்தப் பெயரைத்தான். பெயர் தெரிந்த ஒரு பூச்சி அரித்த கோட்டும், யாருடையது என்றே தெரியாத பளபளப்பான கோட்டும் ஒரே விலைக்கு வந்தால் நான் அரித்ததைத்தான் எடுப்பேன். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் இந்த ஒரு கொள்கையை ஒட்டியே வரும்.

முதலில் ஒரு எல்லை போடுங்கள்

எல்லாவற்றையும் வாங்குபவர் சீக்கிரம் பழைய சாமான் கடைக்காரர் ஆகிவிடுவார். ஒரு படை, ஒரு காலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நம் நாட்டுப் படைகளின் காலவரிசை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சிலோன் லைட் இன்பன்ட்ரி தொண்டர் படை 1881இல் அமைந்தது. மலையகத் தோட்டத் துரைமார் சேர்ந்த சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் 1900இல் வந்து 1949இல் கலைந்தது. தொண்டர் படைகளை ஒன்றாக்கி 1910இல் சிலோன் டிபென்ஸ் போர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1949 அக்டோபர் 10இல் நிரந்தர இராணுவம், 1950இல் றோயல் சிலோன் கடற்படை, 1951இல் றோயல் சிலோன் விமானப்படை. 1972 மே 22இல் நாடு குடியரசானதும் 'றோயல்' என்ற சொல் போனது. சின்னங்களில் இருந்த முடியும், அதாவது அரச கிரீடமும், போனது.

புதியவருக்கு நான் சொல்வது 1949 முதல் 1972 வரையான காலம். இருபத்து மூன்று வருடம்தான். ஒரு ஆள் படித்து முடிக்கக்கூடிய அளவு. உடுத்தியவர்களின் பிள்ளைகள் இன்னும் கொழும்பில் இருக்கிறார்கள், கேட்டால் கதை சொல்வார்கள். நம்மவர்களும் இந்தக் காலத்தில் மேல் பதவிகளில் இருந்தார்கள். இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதி அன்ரன் முத்துக்குமாரு, 1955 முதல் 1959 வரை. கடற்படைக்கு 1960இலிருந்து பத்து வருடம் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர். அவர்களுக்குக் கீழே இருந்த தமிழ் அதிகாரிகளின் டிரங்குப் பெட்டிகள் கறுவாத்தோட்டத்திலும் வெள்ளவத்தையிலும் இன்னும் திறக்காமல் கிடக்கலாம். சேகரிப்பாளர்கள் பலர் இந்தக் காலத்தைப் "புதுசு" என்று ஒதுக்குகிறார்கள். உங்களுக்கு அது நல்லதுதான்.

வாங்கும் முன் சட்டம்

இதைக் கடைசியில் ஒரு வரியாக எழுதுவது வழக்கம். தமிழர் ஒருவர் கொழும்பில் வீட்டில் சீருடை வைத்திருப்பது என்ன பொருள் கொள்ளப்படும் என்று நமக்குத் தெரியும், ஆகவே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். படையில் இல்லாத ஒருவர் படையாள் என்று மற்றவர்கள் நம்பும்படி சீருடை அணிவது இங்கே தண்டனைக்குரிய குற்றம். இன்றைய முப்படைகளின் உடுப்பு எதையும் தொடாதீர்கள். பச்சைப் புள்ளி போட்ட சண்டை உடுப்பு எவ்வளவு பழையது என்று சொன்னாலும், யார் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். 1972க்கு முந்திய எல்லைக்குள் நிற்க இன்னொரு நல்ல காரணம் இது.

வாங்கிய ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்ட ரசீது வைத்திருங்கள். குடும்பத்தாரிடம் வாங்கினால், "எங்கள் அப்பாவின் 1958 காலத்து உடுப்பு, இன்னாருக்குக் கொடுத்தோம்" என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அது பிற்பாடு உடுப்பின் வரலாற்றுக்கும் சான்றாகும். போட்டுப் பார்த்துப் படம் எடுத்து முகநூலில் ஏற்றும் ஆசை வரும், அதை அடக்குங்கள். உடுப்போடு வாளும் தருகிறேன் என்றால் உடுப்பை மட்டும் எடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் காசு கட்டும் முன்பே சுங்கத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். இங்கிருந்து வெளியே அனுப்புவதென்றால் தொல்பொருளியல் திணைக்களத்திலும் விசாரிக்க வேண்டும்.

முடியும் பொத்தானும்

கண்ணைப் பழக்கக் காசு வேண்டாம். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போங்கள், திருகோணமலைப் பக்கம் போனால் கடற்படையின் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். உறவினர் வீடுகளில் பழைய கல்யாணப் படங்கள், கல்லூரிக் கடேட் படங்கள் இருந்தால் பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள்.

முதலில் பழக வேண்டியது முடியின் வடிவம். பிரிட்டிஷ் மரபுச் சின்னங்களில் 1901 வரை விக்டோரியா முடி. அதன் பிறகு 1952 வரை, மேல் வளைவுகள் நடுவில் பள்ளமில்லாமல் குவிந்து எழும் டியூடர் முடி. எலிசபெத் அரசி வந்ததும் 1953இலிருந்து, வளைவுகள் நடுவில் சற்றுக் குழிந்து இரு பக்கமும் தோள் தூக்கி நிற்கும் புனித எட்வர்ட் முடி. நம் நாட்டில் 1972 வரை இது. அதற்குப் பிறகு மேஜரின் தோளில் முடி இருந்த இடத்தில் தேசிய இலச்சினை வந்தது. ஒரு பொறி இருக்கிறது: சார்ல்ஸ் மன்னர் மறுபடியும் டியூடர் முடியைத் தெரிவு செய்திருக்கிறார். ஆகவே பிரிட்டனில் நேற்று அடித்த பொத்தானிலும் அந்த முடி இருக்கும். முடியை மட்டும் பார்த்து 1940 என்று சொல்ல முடியாது.

பொத்தானைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் செய்தவர் பெயர் இருக்கும். லண்டன் பர்மின், பர்மிங்ஹாம் கோன்ட் ஆகியவை அடிக்கடி வரும் பெயர்கள். நிறுவனங்களின் பெயரும் முகவரியும் காலத்துக்குக் காலம் மாறியதால், பின்புற எழுத்தை வைத்து வயதை ஓரளவு நெருங்கலாம். கையில் எடை பாருங்கள். பித்தளையில் முலாம் பூசியது கனமாக, கொஞ்சம் மங்கிய மஞ்சளாக இருக்கும். இலேசாக, கண்ணைக் குத்தும் மினுக்கத்தோடு இருந்தால் அது 1950களில் பரவத் தொடங்கிய அலுமினியப் பொத்தான்.

ஆனால் வெப்ப நாட்டு உடுப்பில் பொத்தானை நம்பி முடிவு கட்டாதீர்கள். வெள்ளை டிரில்லும் காக்கி டிரில்லும் வாரத்துக்குப் பலமுறை வெளுக்கப் போகும். பித்தளையோடு கல்லில் அடிக்க முடியாது. அதனால் பொத்தான்களைத் தைக்காமல், துணியில் கண் வைத்து, பின்னால் சிறு வளையம் போட்டு மாட்டினார்கள். பதவிச் சின்னம் குத்தும் தோள்பட்டைத் துண்டுகளும் கழற்றக்கூடியவை. கடைக்காரர் நினைத்தால் ஒரு லெப்டினன்டை ஐந்து நிமிடத்தில் கேணல் ஆக்கிவிடலாம். பொத்தான் சொல்வது பொத்தானின் வயதை மட்டும்தான்.

கோட்டை உள்பக்கமாகத் திருப்புங்கள்

வெளிப்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் "நானா, உள்பக்கம் ஒருக்காப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

லேபல் முதலில். உள் பைக்குள், காலரின் அடியில், காற்சட்டையின் இடுப்புப் பட்டியில் தேடுங்கள். லேபலைச் சுற்றியுள்ள தையல் நூலும் மற்றத் தையலும் ஒரே வயதாகத் தெரிகிறதா? வேறொரு கோட்டிலிருந்து பிரித்து வைத்த லேபலின் நூல் புதிதாக, நேராக, இறுக்கமாக இருக்கும். லேபலின் அடியில் இருக்கும் துணி சுற்றியுள்ள துணியை விட மங்காமல் இருக்க வேண்டும்.

லேபல் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். டிரில் உடுப்புகளில் காலரின் உள்ளே, சட்டை ஓரத்தில், கறுப்பாகச் சிறு கோடுகளும் புள்ளிகளும் எழுத்துகளும் இருக்கும். அது டோபி போட்ட குறி. சேங்கொட்டை மையால் போட்டது எத்தனை வெளுப்புக்கும் போகாது. கடைக்காரர்கள் இதைக் கறை என்று நினைத்துப் போக்கப் பார்க்கிறார்கள். எனக்கோ இதுதான் உடுப்பின் மிக அழகான பகுதி: இது நம் ஊரில் உண்மையிலேயே உடுத்தப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு மூன்று உடுப்புகளில் ஒரே குறி இருந்தால் அவற்றைப் பிரிக்காமல் சேர்த்து வாங்குங்கள்.

அப்புறம் தேய்மானம். உண்மையாக உடுத்திய கோட்டில் கழுத்து மடிப்பு, அக்குள், கைமுனை, வாள்பட்டி உரசும் இடுப்பு ஆகிய இடங்கள் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகப் பழுத்திருந்தால் தேயிலைச் சாயத்தில் முக்கியிருக்கலாம். தோளிலும் மார்பிலும் உள்ள சிறு துளைகளைப் பாருங்கள். சின்னங்களைக் கழற்றி வேறு மாட்டினால் பழைய துளையும் மங்காத நிழலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் பதவி உயர்வு கிடைத்தவரின் கோட்டிலும் இதே அடையாளம் இருக்கும். துளைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று உடனே சொல்லிவிடாமல், அந்த ஆளின் பதவி வரிசையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

காக்கிக் கம்பளிச் சேவைக் கோட்டு ஏதாவது கிடைத்தால் கைமுனையைக் கவனியுங்கள். 1902இல் வந்த அந்த உடுப்பில் 1920 வரை பெரும்பாலான பிரிட்டிஷ் அதிகாரிகளின் பதவிச் சின்னம் கையின் முனையில் இருந்தது, பிறகு தோளுக்குப் போனது. முதல் உலகப் போரில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவர்களிடமிருந்து தப்பச் சிலர் முன்பே தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள், அது வேறு கதை.

புறஊதா டோர்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நூலும் வெண்மையூட்டி கலந்த துணியும் அதன் ஒளியில் நீல வெள்ளையாக ஒளிரும். போருக்கு முந்திய கம்பளிக் கோட்டின் தையல் நூல் ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளை டிரில்லில் இந்தச் சோதனை பெரிதாக உதவாது. யாராவது அன்ரி போன வருடம் சவர்க்காரத் தூளில் ஊற வைத்திருந்தால் அசல் உடுப்பும் ஒளிரும்.

இன்னொன்று. கொழும்பு துறைமுக நகரம். பொன் கோடு போட்ட கருநீலக் கோட்டெல்லாம் கடற்படைக் கோட்டு ஆகாது. கப்பல் கம்பனி அதிகாரி, துறைமுகப் பைலட், சுங்க அதிகாரி எல்லோரும் அப்படித்தான் உடுத்தினார்கள். கடற்படை அதிகாரியின் பொன் கோடுகளில் மேலே உள்ளதில் பொதுவாக ஒரு வளையச் சுருள் இருக்கும். வர்த்தகக் கப்பல் அதிகாரிகளுக்கு அந்த இடத்தில் வைர வடிவம். தொண்டர் கடற்படையில் கோடே அலை அலையாக இருந்தது. கோடுகளுக்கு இடையே நிறத்துணி இருந்தால் பிரிவு தெரியும்: ஊதா எஞ்சினியர், வெள்ளை கணக்கு மற்றும் பண்டகப் பிரிவு, சிவப்பு மருத்துவர். ஹோட்டல் வாசற்காவலர், பாண்டு வாத்தியக்காரர், நாடகக் குழு உடுப்புகளும் "பிரிட்டிஷ் ஜெனரல்" என்ற பெயரில் விலைக்கு வரும். அவற்றில் வெளியே பளபளப்பு இருக்கும், உள்ளே புறணி மலிவாக இருக்கும்.

எங்கே தேடுவது

கடைகளை விட வீடுகள். கொழும்பில் நல்ல உடுப்பு வெளியே வருவது மூன்று சமயங்களில்: முதியவர் காலமான பிறகு, பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, பிள்ளைகள் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ நிரந்தரமாகப் போகும்போது. ஞாயிறு பத்திரிகைகளில் வரும் வீட்டுச் சாமான் ஏல விளம்பரங்களைப் பாருங்கள். தளபாட ஏலத்துக்குப் போனால் அலுமாரியோடு உள்ளே இருப்பதையும் கேளுங்கள். துக்க வீட்டில் போய்க் கேட்காதீர்கள். அந்திரட்டியோ வருட நினைவோ முடிந்த பிறகு, தெரிந்த ஒருவர் மூலமாக, "ஐயாவின் படமும் உடுப்பும் இருந்தால் பார்க்க ஆசை" என்று சொன்னால் போதும். விற்கிறீர்களா என்று முதல் சந்திப்பில் கேட்பது மரியாதையில்லை, வேலைக்கும் ஆகாது.

காலிக் கோட்டையிலும் அம்பலாங்கொடைப் பக்கத்திலும் பழம்பொருட் கடைகள் உண்டு. அங்கே விலை சுற்றுலாப் பயணிக்கானது. பொத்தானும் சின்னமும் பார்க்கப் போகலாம். ஹற்றன், நுவரெலியாப் பக்கம் பழைய துரை பங்களாக்களில் வேலை பார்த்த குடும்பங்களிடம் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் காலத்துச் சாமான்கள் இருக்க வாய்ப்புண்டு. மலையகத்தில் உறவுள்ளவர்களுக்கு இது பெரிய அனுகூலம்.

விலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சந்தை சிறியது, நிலையான விலை கிடையாது. முதலில் ஒரு பொத்தான், ஒரு சோடி தோள்பட்டை என்று சின்னதாக வாங்கிப் பழகுங்கள். பெயருக்கும் கடிதத்துக்கும் படத்துக்கும் கூடக் கொடுங்கள், பளபளப்புக்குக் கொடுக்காதீர்கள்.

கொழும்புக் காற்றும் பூச்சியும்

வாங்கிய உடுப்பை நேரே அலுமாரிக்குள் வைக்காதீர்கள். அந்துப்பூச்சியின் முட்டை கண்ணில் படாது. ஒரு கோட்டோடு வந்தால் உங்கள் பட்டுச் சேலைகளையும் சேர்த்து முடித்துவிடும். கம்பளி உடுப்பைத் தடித்த பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, நன்றாக ஒட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் மைனஸ் 18 பாகைக்குக் கீழே குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விட்டால் ஈரம் பையின் வெளியே படியும், துணியில் படியாது. தோல் பட்டியையும் தலைக்கவசத்தையும் இப்படிக் குளிரூட்ட வேண்டாம்.

அடுத்த எதிரி ஈரப்பதன். காற்றில் ஈரம் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கொழும்பில் அது பெரும்பாலான நாட்களில் தாண்டியேதான் இருக்கிறது. ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி அலுமாரிக்குள் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் மூடி இறுக்கமான பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் கடலைப் பார்த்த ஜன்னல் அறையில் வைக்கவே கூடாது. உப்புக் காற்று பித்தளையைத் தின்றுவிடும். வெளிச் சுவரோடு ஒட்டிய அலுமாரியும் வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும்.

பொன்னிழை கறுத்திருந்தால் அப்படியே விடுங்கள். பெரும்பாலும் அது பொன் முலாம் பூசிய வெள்ளி இழை. மெருகு போட்டால் கறுப்போடு முலாமும் போய்விடும். பொத்தானுக்கும் பிராசோ மெருகு வேண்டாம். பித்தளை தோல் பட்டியைத் தொடும் இடத்தில் பச்சை மெழுகு மாதிரி ஒன்று வளரும், அதை மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி, நடுவில் அமிலமற்ற காகிதம் ஒன்றை வையுங்கள். தூசியை எடுக்க, வெற்றிடத் தூசியுறிஞ்சியின் வாயில் வலைத்துணி கட்டி, குறைந்த வேகத்தில் இழுங்கள். லோன்ட்ரிக்குக் கொடுக்கும் எண்ணமே வரக் கூடாது.

அந்துருண்டை பலரும் போடுவது. துணியில் படும்படி போட்டால் கெடுதல், படுக்கையறையில் மூச்சுக்கும் கெடுதல். வேப்பிலையைத் துணியின் மடிப்புக்குள் வைத்தால் கறை விடும், பெட்டிக்குள் காகிதத்தில் சுற்றி வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் உண்மையான மருந்து. கனமான தோள் அணிகள் உள்ள கோட்டைத் தொங்கவிடாமல் படுக்க வையுங்கள். மடிப்புகளுக்குள் கழுவிக் கஞ்சி போக்கிய வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருட்டி வைத்தால் மடிப்பு வெடிக்காது. மற்றவற்றுக்குப் பஞ்சு சுற்றிய அகலமான தொங்கி போதும்.

பெயரைத் தேடிப் போவது

லேபலில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. இனி என்ன? பிரிட்டிஷ் அதிகாரி என்றால் லண்டன் கெசட் இணையத்தில் இலவசமாகத் தேடக்கூடியது, நியமனமும் பதவி உயர்வும் தேதியோடு இருக்கும். இலங்கைத் தொண்டர் படை அதிகாரிகளுக்கு இலங்கை அரச வர்த்தமானியும், பெர்குசன் நிறுவனம் வெளியிட்ட பழைய வருடாந்த விபரக்கொத்துகளும் உதவும். அவற்றில் தோட்டங்களும் துரைமார் பெயர்களும் இருப்பதால், மலையகக் கோட்டு ஒன்று எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கூடப் பிடிக்கலாம். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் அருங்காட்சியக நூலகத்திலும் கேளுங்கள். அடையாள அட்டையும் பொறுமையும் கொண்டு போங்கள்.

ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு பக்கம்: எங்கே, யாரிடம், என்று வாங்கினீர்கள், என்ன சொன்னார்கள், லேபலில் என்ன எழுத்து, டோபி குறியின் படம், அளவுகள், பழுதுகள், பின்னால் நீங்கள் மாற்றியது ஏதும் இருந்தால் அதுவும். குடும்பத்தார் சொன்னதையும் நீங்கள் ஊகித்ததையும் வேறு வேறு நிற மையால் எழுதுங்கள், பத்து வருடத்துக்குப் பிறகு இரண்டும் கலந்துவிடும். சொன்னவருக்கு எழுபது, எண்பது வயது இருக்கலாம், ஆகவே கதையைக் கேட்டுக் கைபேசியில் பதிவு செய்வதை அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். கோட்டின் படமும் நீங்கள் கண்டுபிடித்த பதவி விபரமும் ஒரு பிரதி எடுத்து அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். அடுத்த டிரங்குப் பெட்டி பெரும்பாலும் அவர்களின் மச்சான் வீட்டிலிருந்தோ சித்தப்பா வீட்டிலிருந்தோதான் வரும்.